முதல் சுற்றில் ஏறியவள்

அண்ணாந்து பார்க்கிற அப்பாவின் முகம், வாய் கொஞ்சம் திறந்து, மேலுதட்டில் வியர்வை முத்து முத்தாய் நிற்க, அணைந்துபோன பீடியை விரலிடுக்கில் மறந்துவிட்டு, ராட்டினத்தின் உச்சியையே பார்த்துக்கொண்டிருக்கிற முகம், அதிலிருந்துதான் மரகதத்துக்கு எல்லாம் தொடங்குகிறது, முந்தியதும் சரியாக ஒட்டவில்லை, பிந்தியதும் ஒட்டவில்லை, சௌந்தரோ கையில் தாளை வைத்துக்கொண்டு வருஷம் கேட்டுக் குடைகிறான். தம்பி மகன், இப்போது கம்பெனிக்கு அவன்தான் முதலாளி, ஐம்பதாம் ஆண்டு என்று கம்பெனியின் ராட்டினப் பூங்கா வாசலில் ஒரு சுவர் எழுப்பி, கம்பெனி வளர்ந்த கதையைப் படம் படமாக அதில் பதிக்கப் போகிறானாம். மரணக்கிணறு வாங்குனது எந்த வருஷம் அத்தை, எனக்கு மஞ்சக்காமாலை வந்துச்சே அந்த வருஷம்டா, கொலம்பஸ் கப்பல் எப்ப, அது உங்க அப்பன் கல்யாணத்துக்கு முந்தி, இல்ல பிந்தி, பந்தல் பக்கத்துலதான கப்பலோட மூக்கு கிடந்துச்சு, இல்ல, அது உனக்குப் பேர் வச்ச பந்தல். ஐம்பது வருஷமும் ஒரே பெட்டியில் திணித்த சேலைகளாய்க் கிடக்கின்றன, ஒன்றை இழுத்தால் இன்னொன்று கூடவே வருகிறது. கடைசியில் அவன் ஒரு பழுப்பேறிய போட்டோவை நீட்டினான், விருதுநகர்ல நம்ம முதல் ராட்டினம், உச்சியில நீங்கதான அத்தை, கீழ உங்க பேரப் போட்டுறவா. ஆமாம் என்று சொல்ல ஒரு நொடி ஆகாது, ஐம்பது வருஷமாய்ச் சொன்னதுதான், ஆனால் திறப்பு விழாவுக்கென்று சாத்தூரிலிருந்து வந்த தங்கை பவளம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வடையைப் பிட்டுக்கொண்டிருந்தாள், மரகதம் போட்டோவை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனாள்.

எந்த ஊரில் எந்தப் புது ராட்டினம் நின்றாலும் முதல் சுற்று வீட்டு ஆளுக்குத்தான், நம்ம பிள்ளைய ஏத்தாம ஊரான் பிள்ளைய ஏத்தக் கூடாது என்பார் அப்பா. முதல் ராட்டினம் நின்ற அந்தப் பங்குனிப் பொங்கலுக்கு மூத்த மகள் பேரையே கம்பெனிக்கு வைத்து, மரகதம் ராட்டினம் என்று பலகையும் எழுதியாகிவிட்டது, இவளுக்குப் பதினாலு, பவளத்துக்குப் பன்னிரண்டு, இரண்டு பேருக்கும் ஒரே துணியில் தைத்த ஊதாப் பாவாடை. பெட்டியில் கால் வைக்கிறாள், வெயிலில் இரும்பு சுடுகிறது, பெட்டி ஆடுகிறது, அவ்வளவுதான், அதற்குப் பிறகு நேராக உச்சி, காற்று, கோயில் கோபுரம், வத்தல் காயும் களம் சிவப்பாய், அப்பாவின் முகம், ஒலிபெருக்கிக் குழாயில் அவர் குரல், பாத்துக்கங்க, மேல இருக்கிறது எம் மூத்த மக மரகதம். டிக்கெட் கூண்டிலேயே நாற்பது வருஷம் உட்கார்ந்து, நீங்க ஏற மாட்டீங்களாக்கா என்று கேட்ட பெண்களிடமெல்லாம், ஒரு தடவ ஏறுனதே போதும்டி என்று இதைத்தான் சொன்னாள், சொல்லச் சொல்லக் கோபுரத்தில் ஒரு கிளிகூட வந்து உட்கார்ந்துவிட்டது. ஆனால் கையில் ஏன் செருப்பு இருக்கிறது. ஏறுகிறவர்கள் செருப்பைக் கீழே கழற்றிக் கொடுத்துவிட வேண்டும், மேலிருந்து யார் தலையிலாவது விழும், அப்படியிருக்க உச்சியில் இருந்தவள் கையில் எப்படி ஒரு ஜோடிச் செருப்பு வந்தது, சின்னது, வார் அறுந்து ஊக்குக் குத்தியது, பவளத்தினுடையது.

நீ சொல்லு பவளம், போட்டோவுல யாரு. பவளம் கையைத் துடைத்துக்கொண்டாள், நீதான அம்பது வருஷமாச் சொல்ற, நீயாத்தான இருக்கும். ஒத்துக்கொள்கிறாளா, குத்திக் காட்டுகிறாளா, மரகதத்துக்கு விளங்கவில்லை, சின்ன வயதிலிருந்தே அவள் முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. வாசல் வளைவில் ஆள் உயர எழுத்தில் மரகதம் மரகதம் என்று நிற்கிறதே, அது தன் பேர்தானா, இல்லையென்றால் இத்தனை நாளும் தான் யாராக இருந்தோம், அவளுக்குப் பயமாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. வெளியே மேளம் தொடங்கிவிட்டது, கண்ணாடிப் பெட்டிகள் வைத்த புது ராட்டினம் பூமாலையோடு நிற்கிறது, சௌந்தர் ஏறக் கிளம்பினான். நில்லுடா, முதல் சுத்து நான் ஏறுறேன். அத்தை, உங்களுக்குத் தலை சுத்தும். சுத்தட்டும். செருப்பைக் கழற்றிவிட்டாள், பவளம் குனிந்து அதை எடுத்துக்கொண்டாள்.

கால் வைத்ததும் பெட்டி ஆடியது, ஆனால் இந்தத் தடவை நேராக உச்சி வரவில்லை, ஒவ்வொரு முழமாக ஏற வேண்டியிருந்தது, அடிவயிறு கழன்று கீழேயே தங்கிவிட்டதுபோல ஒரு கூச்சம், இதை ஒருவரிடமும் சொன்னதில்லையே என்று நினைத்தாள், இது தெரியாமல் அல்லவா இருந்திருக்கிறோம். உச்சியில் நின்றது. கண்ணைத் திறந்து முகம் தேடினாள், சௌந்தரைத் தேடினாள், பவளத்தைத் தேடினாள், எல்லாரும் அண்ணாந்துதான் நின்றார்கள், ஒரு முகமும் தெரியவில்லை, வெறும் புள்ளிகள், ஒரு புள்ளியின் கையில் ஏதோ தொங்கியது, அது தன் செருப்பாக இருக்கும். மேலுதட்டு வியர்வை தெரிய வேண்டுமானால் எவ்வளவு பக்கத்தில் நின்றிருக்க வேண்டும். பெட்டி இறங்கிவரும்வரை அவள் அழுதுகொண்டிருந்தாள்.

பவளம் செருப்பைக் காலடியில் வைத்தாள். மொகமே தெரியலடி. மேல இருந்து யாரு மொகமும் தெரியாதுக்கா. ஏண்டி சொல்லல. பெட்டி ஆடவும் நீ எறங்கிட்ட, நான் ஏறுனேன், ஒரே பாவாட, நான் எறங்குறதுக்குள்ள அப்பா ஒம் பேரச் சொல்லிட்டாரு, பெறகு யாருகிட்டப் போயிச் சொல்ல. சௌந்தர் பேனாவோடு நின்றான், இரண்டு அத்தைகளையும் மாறி மாறிப் பார்த்தான், அப்ப கீழ என்ன அத்தை போட. பவளம்னு போடுடா. அப்ப உங்க போட்டோ. என்னைய யாரும் எடுக்கல, நான் அப்பா பக்கத்துல நின்னேன். சொன்ன பிறகுதான் அது அப்படியே வந்தது, மாறாட்டமில்லாமல், கையில் ஊக்குக் குத்திய செருப்போடு அவள், தொட்டுவிடும் தூரத்தில் அண்ணாந்து பார்க்கிற அப்பாவின் முகம், வாய் கொஞ்சம் திறந்து, மேலே தங்கையைப் பார்த்துக்கொண்டு, ஒரு தடவைகூட இவள் பக்கம் திரும்பாமல்.