பின்சுவருக்கு மட்டும் அனுமதி

இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் செங்கல் வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கும் அந்தத் தெருவைப் பழமை மாறாமல் காக்க வேண்டுமென்று, இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் வீடு வீடாக ஏறிக் கையெழுத்து வாங்கியவர் கிளிஃபர்ட் சக்டன்தான். நகராட்சி அதை விதியாக்கியது; அதிலிருந்து யாராலும் ஒரு செங்கல்லைக்கூட அனுமதியில்லாமல் மூட முடியாது.

இப்போது அவர் மனைவி நார்மாவுக்கு நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. மாடியில் அவள் படுக்கும் முன்னறைச் சுவரில் ஈரம் இறங்கிக் கறுப்பாகப் பூஞ்சை படர்ந்தது. துடைத்தால் பத்தே நாளில் திரும்ப வந்தது. வெளிச்சுவரில் குளிர் தாங்கும் பலகை பதித்துப் பூசினால் சரியாகும் என்றார்கள். கிளிஃபர்ட் விண்ணப்பம் போட்டார்.

நகராட்சியிலிருந்து ஃபாரர் என்ற இளம் அதிகாரி வந்தாள்.

"முன்பக்கத்தை மூட விடமாட்டாங்க சார். விதி அப்படி."

"தெரியும்மா. அந்த விதிக்குக் கையெழுத்து வாங்கினதே நான்தான்."

அவள் கையிலிருந்த விண்ணப்பத்தைப் புரட்டினாள். மாடியிலிருந்து நார்மா கத்தினாள்: "எதிர்வீட்டு பெரிலை ஒரு பிளாஸ்டிக் ஜன்னல் வைக்க விட்டியா கிளிஃப்? நல்லா அனுபவி!" சிரிக்கப் போய் இருமலில் மாட்டிக்கொண்டாள்.

"பின்பக்கத்துக்கு மட்டும் கேட்டுப் பாருங்க. கட்டிலை அங்க மாத்திக்கலாம்," என்றாள் ஃபாரர் மெதுவாக.

புதிய வரைபடம், அக்கம்பக்கத்தாருக்கு அறிவிப்பு, தள்ளிப்போன கூட்டம் என்று மாதங்கள் ஓடின. குளிர்காலத்தில் நார்மா இரண்டு முறை ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அந்த ஈர வீட்டுக்குத் திருப்பி அனுப்ப டாக்டர் சம்மதிக்கவில்லை. முதியோர் இல்லத்தில் இடம் பார்த்துச் சேர்த்தார்கள்.

ஏப்ரலில் அனுமதி வந்தது. கிளிஃபர்ட் கடிதத்தை எடுத்துக்கொண்டு அவளிடம் ஓடினார். அவள் கண்ணாடியைப் போட்டு நிதானமாகப் படித்தாள்.

"பின்னறையில உன் கட்டிலைப் போட்டுட்டேன், நார்மா."

"இனிமே என்னால மாடி ஏற முடியாது கிளிஃப். இங்க வெதுவெதுப்பா இருக்கு. நீ அதுல படுத்துக்கோ."

"அன்னைக்கு நான் வீடு வீடா அலையாம இருந்திருந்தா..."

"நானும்தானே கையெழுத்துப் போட்டேன். அழாத. நர்ஸ் பார்க்கிறா."

ஜூனில் சுவர் வேலை முடிந்தது. ஆகஸ்டில் நார்மா போய்விட்டாள்.

அடுத்த குளிர்காலம் முழுக்கப் பின்னறைச் சுவர் காய்ந்தே இருந்தது. கிளிஃபர்ட் கீழே நாற்காலியிலேயே தூங்கினார்.