பத்தேமுக்காலின் நற்சான்று

அந்தக் குடிநீர் வாரியக் கிளை அலுவலகத்தின் கண்காணிப்பாளருக்கு யாரையும் கடிந்து பேச வராது. தங்கமான மனுஷர் என்று ஊர் சொன்னது. பயந்தாங்கொள்ளி என்று மனைவி சொன்னாள். மனைவி சொன்னதுதான் சரி. அவருக்குக் கீழே, பக்கத்து மேசையில், எழுத்தர் ஒருவர் இருந்தார். ஒன்பதரைக்குத் திறக்கும் அலுவலகத்துக்குப் பத்தேமுக்காலுக்கு வருவார். மழையோ வெயிலோ, ஒரு நிமிடம் முன்பின் கிடையாது. அதனால் பத்தேமுக்கால் என்பதே அவர் பெயராகிவிட்டது. பதினோரு வருடம் இப்படியே ஓடியது.

குழாய் இணைப்பு கேட்டு வந்த ஓர் அம்மாள் காலியான நாற்காலியைப் பார்த்தபடி ஒரு மணி நேரம் நின்றுவிட்டு, நேரே மேலிடத்துக்கு எழுதிப் போட்டாள். மேலிடம் சீறியது. நடவடிக்கை எடு, இல்லாவிட்டால் அடுத்த மாதப் பதவி உயர்வை மறந்துவிடு என்றது. கண்காணிப்பாளருக்கு உள்ளூர நிம்மதிதான். ஆளை வேலையைவிட்டு அனுப்புவது சட்ட அதிகாரியின் பாடு, தான் வாயைத் திறக்க வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டு தலைமை அலுவலகத்தின் மூன்றாம் மாடிக்கு ஏறினார்.

சட்ட அதிகாரி அம்மையார் பத்தேமுக்காலின் பணிக் கோப்பைப் பொறுமையாகப் புரட்டினார். ஆண்டறிக்கைகள் பதினொன்று. பதினொன்றிலும் ஒரே வாசகம்: 'நேரம் தவறாதவர். பிறருக்கு முன்மாதிரி.' கீழே கண்காணிப்பாளரின் கையெழுத்து, அழகாக.

முதல் வருடம் பத்தேமுக்காலுக்குக் கல்யாணமான புதிது என்று கண்காணிப்பாளர் மென்று விழுங்கினார். குறை எழுதினால் ஆளைக் கூப்பிட்டு முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும் என்பது விதி. அதற்குப் பயந்துதான் புகழ்ந்து எழுதினார். பிறகு வருடாவருடம் பழையதைப் பார்த்து எழுதியதில் கைக்குப் பழகிப்போயிற்று.

"இந்தக் கோப்பு நிஜம்னா அவர் மேல கேஸே இல்ல சார். பொய்னா, கேஸ் உங்க மேல" என்றார் அதிகாரி.

இனி வழி ஒன்றுதான் என்று அவரே விளக்கினார். ஆளைக் கூப்பிட்டுக் கோப்பைக் காட்டி, குறையைச் சொல்லி, அவர் பதிலையும் கேட்டு எழுதி, திருந்த மூன்று மாதம் தர வேண்டும். அறிக்கைகள் பொய் என்று கண்காணிப்பாளர் தன் கைப்பட எழுதித் தர வேண்டும். பதவி உயர்வு என்னாகும் என்று இவர் கேட்டபோது, அதிகாரி மின்விசிறியை நிமிர்ந்து பார்த்தார்.

அன்று மாலை மனைவியை எழுத்தராக உட்காரவைத்து ஒத்திகை பார்த்தார். அவள் பத்தேமுக்காலுக்காக அப்படி வாதாடினாள், கடைசியில் இவரே மன்னிப்புக் கேட்டு எழுந்தார்.

மறுநாள் பத்தேமுக்கால் எதிரே உட்கார்ந்து கோப்பைப் படித்தார். முதல் அறிக்கையில் சிரித்தார். நான்காவதில் கண் கலங்கியது. வீட்டில்கூட யாரும் தன்னை இப்படிச் சொன்னதில்லை, மனைவிக்குக் காட்ட ஒரு நகல் கிடைக்குமா என்று கேட்டார். ஒரு தலையசைப்பு போதும், கோப்பு நிஜமாகிவிடும், வழக்கும் போய்விடும். அந்த அம்மாள் மறுபடி வந்து நிற்பாள், அவ்வளவுதான்.

"அதெல்லாம் பொய்ங்க. நீங்க தினம் லேட்டா வர்றீங்க. பயந்துக்கிட்டு நான்தான் அப்படி எழுதினேன்" என்று சொல்லிவிட்டார்.

பத்தேமுக்கால் கோப்பை மெதுவாக மூடினார். "அப்போ நான் லேட்டா வர்றது தெரியுமா சார் உங்களுக்கு? நான் வந்தாலும் வராட்டியும் இங்க யாருக்கும் தெரியாதுன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்."

கண்காணிப்பாளருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பக்கத்து மேசைக்காரரிடம் பதினோரு வருடமாக ஒரு வார்த்தை பேசாததற்கு எந்த விதியில் தண்டனை என்று தெரியவில்லை. காகிதத்தை இழுத்து, பொய் எழுதியது தானே என்று முதலில் எழுதிக் கையெழுத்திட்டார். பதவி உயர்வு அதோடு போயிற்று.

"அப்போ நாளைக்கு எத்தனை மணிக்கு வரட்டும் சார்?" என்றார் பத்தேமுக்கால், நிஜமாகவே தெரியாதவராக.

"ஒன்பதரைக்கு" என்றார் கண்காணிப்பாளர். சொல்லி முடிக்க ஒரு நொடிகூட ஆகவில்லை.