செவ்வாயில் எழுந்த புழுதி

2001 ஜூலையில் செவ்வாய்க் கிரகம் முழுவதையும் புழுதி மூடியது. தில்லியில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்த வைதேஹி அந்தப் படங்களை இன்டர்நெட்டில் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். செவ்வாயின் காற்றையும் வெப்பத்தையும் கணிக்க அவள் வருஷக்கணக்காக எழுதிவந்த கம்ப்யூட்டர் புரோகிராமில் இப்படியொரு புயல் ஒருமுறைகூட வந்ததில்லை. கிளம்புகிற புழுதி கொஞ்ச தூரம் போய் அடங்கிவிடும்.

தவறு எங்கே என்று தேடினாள். புழுதி வெயிலில் சூடேறும். அந்தச் சூட்டில் காற்று வேகம் பிடித்து மேலும் புழுதியைக் கிளப்பும். அந்தச் சூட்டை அவள் ரொம்பக் குறைவாகப் போட்டிருந்தாள்.

திருத்தி ஓடவிட்டாள். ஒரு சனிக்கிழமை மதியம், திரையில் தெற்கே எழுந்த புழுதி நடுக்கோட்டைத் தாண்டி மெல்லக் கிரகத்தையே சுற்றிக்கொண்டது. ஏசி குளிருக்கு ஸ்வெட்டர் போட்டிருந்த வைதேஹி வாய்விட்டுச் சிரித்தாள். திரும்பிப் பார்க்க அங்கே யாருமில்லை. அவளோடு வேலை செய்த குழந்தைசாமி ஒரு பேங்க் வேலைக்குப் போய்விட்டான். அவன் நாற்காலியில் பிரிண்டர் காகிதம் அடுக்கியிருந்தது.

யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. பஸ் பிடித்து ஜனக்புரிக்கு, அண்ணன் வெங்கி வீட்டுக்குப் போனாள்.

"வா வா. ஜல்தி உக்காரு, மேட்ச் ஆரம்பிச்சாச்சு."

"அண்ணா, என் புயல் வந்துடுத்து."

"எங்கே? இங்கே ஒரு பொட்டு மழையக் காணோம்," என்றான் வெங்கி, டிவியை விட்டுக் கண்ணெடுக்காமல்.

அவன் பெண் ஷ்ரேயாதான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "மார்ஸ்லயா அத்தை? அங்க யாருமே இல்லையே. யாருக்காக வெதர் பாக்கறேள்?"

"யாருக்காகவும் இல்லைடி. அங்க காத்து எப்படி வீசறதுன்னு தெரிஞ்சுக்கணும். இன்னிக்கு முதல் தடவையா..."

போன் அடித்தது. "அச்சா, என் ஃப்ரெண்டுதான், அத்தை, ஏக் மினிட்," என்று ஷ்ரேயா ஓடினாள். உள்ளே அவள் ஹிந்தியில் பேசிச் சிரிப்பது கேட்டுக்கொண்டே இருந்தது. மன்னி தட்டு வைத்தாள். வைதேஹி சாப்பிட்டாள், மன்னி சொன்ன கல்யாண சமாச்சாரங்களுக்குத் தலையாட்டினாள், இருட்டுவதற்குள் கிளம்பினாள். ஷ்ரேயா வாசல்வரை வந்து கையசைத்தாள். விட்ட பேச்சு அவளுக்கு ஞாபகமில்லை.

மறுநாள் ஞாயிறு. மயூர் விஹார் வீட்டில் துணி துவைத்துக் காயப்போட்டுவிட்டு வைதேஹி மறுபடி ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போனாள். கிளம்பிய புழுதி எப்போது படியும் என்று இனிமேல்தான் பார்க்க வேண்டும். காவலாளி பூட்டைத் திறந்துவிட்டான். ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு அவள் திரைமுன் உட்கார்ந்தாள்.