மேற்கு மூலையில் அடித்த முளை

மூச்சு விடுவதற்குக்கூட இப்போதெல்லாம் முத்திரை குத்திய தாள் வேண்டும் என்பது பந்தல்காரரின் கட்சி. நாலு பேர் ஓரிடத்தில் கூடி நின்றால் அதற்கு ஒரு தாள். அந்த நாலு பேருக்கும் நிழல் வேண்டுமென்றால் இன்னொரு தாள். நிழலில் நிற்கிறவன் ஒலிபெருக்கியில் தொண்டையைச் செருமுவதற்குத் தாள் கொடுக்கத் தனியாக ஓர் ஆள் உண்டு, நாம் போகிற நேரம் பார்த்து அவர் சாப்பிடப் போயிருப்பார். மனுஷனின் கையை மனுஷன் நம்பிய காலம் போய்விட்டது, காகிதத்தை நம்புகிறார்கள். அதை எழுதியவன் வெயிலில் நின்று ஒரு பந்தல் கால் நட்டிருப்பானா?

இதையெல்லாம் அவர் சமையலறை வாசலை அடைத்துக்கொண்டு நின்று சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தவள் மருமகள். மகனுக்குச் சரக்குக் கப்பலில் வேலை, வருஷத்தில் பாதி தண்ணீரில்தான். ஆகவே அந்த வீட்டில் அவருடைய புலம்பலுக்கு இருந்த காது அவளுடையது மட்டும்தான்.

"மாமா, புலம்பி முடிச்சீங்கன்னா நான் படிக்கிறேன்" என்றாள் அவள். "கொஞ்சம் கேளுங்க. 'புல்வெளியில் எந்த முளையும் அடிக்கக் கூடாது, குழி தோண்டக் கூடாது. பந்தல் கால்களை மணல்மூட்டை கட்டியே நிறுத்த வேண்டும்.' கேட்டுதா?"

"கேட்டுச்சு. எனக்கு எழுத்துதான் தகராறு, காது நல்லாத்தான் இருக்கு."

"அடுத்த வரி..."

"அடுத்த வரியெல்லாம் எதுக்கு? மணல்மூட்டைதானே? கட்டிடுவோம். தாள மடிச்சு வைம்மா, அடுப்புல ஏதோ பொங்குது பார்."

அவள் அடுப்பைப் பார்க்கத் திரும்பினாள். படிப்பு அதோடு நின்றது.

விஷயம் ஒன்றும் பெரிதில்லை. சுற்றுவட்டாரத்தில் இருப்பவர்கள் வீட்டுத் தொட்டிச் செடிகளைத் தூக்கிக்கொண்டு நகராட்சிப் பூங்காவுக்கு வந்து, ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளும் செடிச் சந்தை. யோசனை மருமகளுடையது. அந்த அடுக்குமாடிக்குக் குடிவந்ததிலிருந்து அவளுக்குக் 'கப்பல்காரர் வீட்டம்மா' என்பதைத் தவிர வேறு பெயர் கிடையாது. சந்தைக்காக அவள் அலைந்த அலைச்சல் கொஞ்சமில்லை. கூட்டத்துக்குக் காவல் நிலையம், வழி எத்தனை அகலம் விடவேண்டும் என்பதற்குத் தீயணைப்பு அலுவலகம், கழிப்பிடத்துக்குச் சுகாதாரப் பிரிவு, கடைசியில் பூங்கா அலுவலகம். ஒரு சன்னலில் அடுத்த சன்னலைக் காட்டினார்கள், அடுத்த சன்னலில் முந்தின சன்னலையே காட்டினார்கள். அப்படி வாங்கி வந்த தாளில் 'பொறுப்பாளர்' என்ற இடத்தில் அவளுடைய பெயர் இருந்தது. அதை அவள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்து, தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் பார்த்தாள். இந்த முறை ஒழுங்காக நடந்தால் மாதாமாதம் நடத்த அனுமதி தருவதாக அதிகாரி சொல்லியிருந்தார். ஏதாவது சேதம் வந்தால் அந்தப் பெயருக்கு இரண்டு வருஷம் எந்தப் பொது இடத்திலும் ஒரு நாற்காலிகூடப் போட முடியாது. அதையும் சொல்லியிருந்தார்.

கூட இருந்த பெண்கள் மடக்குக் கூடாரம் போடும் கம்பெனியைக் கூப்பிடலாம் என்றார்கள். "எங்க மாமா இருக்கும்போது கம்பெனி எதுக்கு?" என்றுவிட்டாள் மருமகள். அதைப் பந்தல்காரர் காதில் வாங்காதவர் போல இருந்தார். ஆனால் அன்று வீட்டில் யாரையும் குறை சொல்லவில்லை.

சந்தை நாள் காலை. பந்தல்காரரோடு வேலை செய்கிறவருக்கு உயரத்துக்கும் உடம்புக்கும் பொருத்தமாக ஒட்டடைக்குச்சி என்று பெயர். பேரன் எடுத்த பிறகும் பெயர் மாறவில்லை. இரண்டு பேருமாகக் கால்களை நிறுத்தி, மணல்மூட்டைகளைக் கட்டி, துணியை இழுத்துவிட்டார்கள். கிழக்குப் பக்கம் மரங்கள் இருந்தன. மேற்குப் பக்கம் வெட்டவெளி. காற்று அங்கிருந்துதான் வந்தது. துணி ஒருமுறை மூச்சை இழுத்து விடுவதுபோல உப்பித் தணிந்தது.

"நிக்கும்ணே" என்றார் ஒட்டடைக்குச்சி.

"நீதான் நிக்கிற. பந்தல் நிக்குமான்னு காத்து வந்தாத்தான் தெரியும்."

இளவயதில் அவர் கட்டிய பந்தல் ஒன்று காற்றில் கிளம்பிப் போய், கால் ஒன்று ஒரு பெரியவரின் தோளில் இறங்கியிருந்தது. அந்தச் சத்தம் இன்னும் அவருக்குள் இருந்தது. மணலாம், மூட்டையாம். மண்ணுக்குள் போகாத எதுவும் எதையும் பிடித்து நிறுத்தாது. ஒட்டடைக்குச்சியை டீ வாங்க அனுப்பினார். வண்டியிலிருந்து கை நீளத்துக்கு ஓர் இரும்பு முளையை எடுத்து, மேற்கு மூலைக் காலுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்து, சம்மட்டியால் இறக்கினார். நடுவில் எதிலோ நெருடியது. கல்லாக இருக்கும் என்று இன்னும் ஓங்கிப் போட்டார். இறங்கிவிட்டது. கயிற்றை முடிந்து, மேலே ஒரு மூட்டையைத் தூக்கி வைத்து மறைத்தார். ஒன்றே ஒன்று. யாருக்குத் தெரியப்போகிறது?

சந்தை களைகட்டியது. கற்றாழையைக் கொடுத்து மல்லிகையை வாங்கியவர்கள், மல்லிகையைக் கொடுத்துவிட்டு ஏமாந்ததாகச் சொன்னவர்கள், எதையும் கொண்டுவராமல் எல்லாவற்றுக்கும் அறிவுரை சொன்னவர்கள் என்று கூட்டம். "செடிக்காரம்மா, இது வெயில்ல வைக்கணுமா?" என்று யாரோ கேட்டார்கள். மருமகள் ஒரு நொடி தாமதித்துத்தான் தன்னைத்தான் கேட்கிறார்கள் என்று திரும்பினாள். பந்தல்காரர் அதைப் பார்த்தார்.

உச்சி வெயிலில் மேற்கு மூலைப் புல் ஈரமாக இருந்தது. செடிக்கு ஊற்றிய தண்ணீர் என்று எல்லோரும் நினைத்தார்கள். மூட்டையின் அடிப்பக்கம் கறுத்து ஊறியிருப்பதைப் பார்த்ததும், காலையில் நெருடியது கல் அல்ல, தண்ணீர்க் குழாய் என்று பந்தல்காரருக்குப் புரிந்தது. அந்த நேரத்தில் அவர் செய்திருக்க வேண்டியது ஒன்றுதான். பூங்காக் காவல்காரர் கூப்பிடும் தூரத்தில் நின்றிருந்தார். குழாயை அடைக்கச் சொல்லியிருந்தால் கசிவோடு போயிருக்கும். அவர் சொல்லவில்லை. குனிந்து, மூட்டையை நகர்த்தி, யாரும் பார்க்காத நேரம் பார்த்து முளையைப் பிடுங்கி, வண்டியில் கயிற்றுச் சுருளுக்கு அடியில் செருகினார்.

அடைப்பு எடுபட்டதும் தண்ணீர் ஆள் உயரத்துக்குப் பீய்ச்சியது. மேசைகள் சரிந்தன. தொட்டிகள் உருண்டன. எந்தச் செடி யாருடையது என்று எழுதிக் கட்டியிருந்த அட்டைகள் கரைந்து போயின. காவல்காரர் ஓடிப்போய்க் குழாயை அடைப்பதற்குள் புல்வெளி வயலாகிவிட்டது. பூங்கா அதிகாரி வந்து பார்த்தார். எல்லோரையும் வீட்டுக்குப் போகச் சொன்னார். மருமகளை மட்டும் அலுவலகத்துக்கு வரச் சொன்னார், அன்றைக்கு அல்ல, குழாயைத் தோண்டிப் பார்த்த பிறகு.

அதுவரை இருந்த நாட்கள் பந்தல்காரருக்கு நாட்களாக இல்லை. யாருடையது என்று தெரியாத தொட்டிகளையெல்லாம் மருமகள் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். குளியலறையில் செடி, மாடியில் செடி, அவருடைய கட்டிலுக்குக் கீழேயும் செடி. வேரில் அப்பிய சேற்றைக் கழுவி, ஒடிந்த கிளையை நறுக்கி, கதவு கதவாகத் தட்டி, "இது உங்களுதா பாருங்க, மன்னிச்சுக்கோங்க" என்று கொடுத்து வந்தாள். குழாய் வெடித்ததற்கு இவள் எதற்கு மன்னிப்புக் கேட்கிறாள் என்று யாரும் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை. ஒரு நாள் பெரிய தொட்டி இரண்டை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் படியேறினார்.

"உங்களுக்கு எதுக்கு மாமா, மூட்டு வலிக்கப்போகுது."

"வலிக்கட்டும்."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவருக்கு ஆகவில்லை. மேல்மாடிக்காரி கதவைத் திறந்து, "எல்லாம் பழைய குழாய், நகராட்சி லட்சணம்" என்றாள். அவர் தொட்டியை வைத்துவிட்டு இறங்கினார். சாப்பாட்டுத் தட்டைப் பாதியில் தள்ளி வைத்தார். "காரம் அதிகமா போட்டுட்டே" என்று அவள்மேல் எரிந்து விழுந்தார். அவள் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். தன்னைத்தான் கடிந்துகொள்ளத் தெரியாமல் அவளைக் கடிந்துகொள்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்தது. தெரிந்தும் மறுநாளும் கடிந்தார்.

அலுவலகத்துக்குப் போகும்போது அவரையும் அழைத்தாள். "நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும் மாமா. கட்டினவர் நீங்கதானே."

பூங்கா அதிகாரியின் மேசையில் அறுத்தெடுத்த குழாய்த்துண்டு ஒன்று கிடந்தது. பக்கத்தில் காவல்காரர் தொப்பியைக் கையில் பிடித்து நின்றார். அதிகாரி துண்டைத் திருப்பிக் காட்டினார். மேலே ஓர் ஓட்டை, கீழே ஓர் ஓட்டை.

"பழசானதால வெடிக்கல. ஏதோ இரும்பு இறங்கியிருக்கு. உங்க ஆளுங்க முளை அடிச்சிருக்கணும், இல்லேன்னா எங்க ஆளு மரக்கன்னு வைக்கும்போது கடப்பாரையப் போட்டிருக்கணும். சந்தைக்கு முதல் நாள் கன்னு வச்சவர் இவர்தான்."

"நான் வச்சது கிழக்குப் பக்கம் சார்" என்றார் காவல்காரர். இதைப் பலமுறை சொல்லிவிட்ட குரல் அது. கேட்பாரில்லை என்று தெரிந்த குரல்.

"எங்க பக்கம் ஒரு முளைகூட அடிக்கல சார்" என்றாள் மருமகள். "தாள அவருக்கு நானே படிச்சுக் காட்டினேன். எங்க மாமா கொஞ்சம் முரடுதான். யாரையும் நம்ப மாட்டார். ஆனா ஒளிச்சு மறைச்சு ஒண்ணும் செய்யத் தெரியாது. அவர் பேரச் சொல்லி நான் எங்க வேணா கையெழுத்துப் போடுறேன்."

அதிகாரி பேனாவை எடுத்தார். "அப்ப சரி. கடப்பாரைன்னே எழுதிடறேன்."

காவல்காரர் பந்தல்காரரைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இவரும் முறைத்துச் சமாளித்திருப்பார். அந்த மனிதர் தன் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வாயைத் திறந்தால் மருமகளின் பெயர் போகும். மூடிக்கொண்டிருந்தால் இந்த ஆள் தலையில் விடியும். அவள் வேறு கையெழுத்துப் போடுகிறேன் என்கிறாள், யாரை நம்பி? பந்தல்காரர் கணக்குப் போட்டுப் பார்த்துப் பேசவில்லை. அந்தக் 'கையெழுத்து' என்ற சொல்தான் அவரைக் குத்திக் கிளப்பியது.

"நான்தான் அடிச்சேன்."

"என்ன பெரியவரே?"

"முளை. மேற்கு மூலையில. ஒண்ணு. இவளுக்குத் தெரியாது."

அதிகாரி பேனாவை வைத்தார்.

"முளை எங்க?"

"என் வண்டியில இருக்கு."

"எப்ப எடுத்தீங்க? தண்ணி வர்றதுக்கு முன்னாடியா, அப்புறமா?"

பந்தல்காரர் மேசைமேல் கிடந்த குழாய்த்துண்டைப் பார்த்தார். மருமகள் அப்போதுதான் அவர் பக்கம் திரும்பினாள். அந்த மூலையில் தண்ணீர் எப்படிக் கசிவிலிருந்து பீய்ச்சலானது என்பது அவள் முகத்தில் ஒவ்வொன்றாக ஓடியது. அதை நின்று பார்க்க வேண்டியிருந்தது அவருக்கு.

"முளை அடிச்சே ஆகணும்னா கேட்டிருக்கலாமே பெரியவரே" என்றார் அதிகாரி. கோபமாகக்கூட இல்லை. "குழாய் போற வழிய சுண்ணாம்புக் கோடு போட்டுக் காட்டியிருப்போம். தாள்லயே இருக்கு, மணல்மூட்டைக்கு அடுத்த வரி."

அன்று அடுப்பு பொங்கியதை மருமகள் சொல்லிக்காட்டவில்லை. சொல்லியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அதிகாரி எழுதினார். காவல்காரர் தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். இரண்டு வருஷத் தடை பொறுப்பாளர் பெயருக்குத்தான், கட்டியவர் பெயருக்கு அங்கே இடமே இல்லை. "என் பேர எழுதுங்க சார், இவ சின்னப்பொண்ணு" என்றார் பந்தல்காரர். "அனுமதி கேட்டது நீங்க இல்லையே" என்றார் அதிகாரி. அவரைத் தண்டிப்பதற்குக்கூட அந்தத் தாளில் வரி இல்லை.

வெளியே வராந்தாவில் மருமகள் நின்றாள்.

"மேல்மாடி அக்கா பேர்ல கேட்டா கொடுப்பாங்களான்னு விசாரிக்கணும். வரிசை பெருசா இருக்கு. நீங்க வீட்டுக்குப் போங்க மாமா."

"நானும் நிக்கறேன்."

"வேணாம்."

"பாரும்மா, அந்தக் காத்துக்கு..."

"மாமா." அவள் குரலை உயர்த்தவில்லை. "காவல்காரர் இல்லேன்னா சொல்லியிருப்பீங்களா?"

அவர் யோசித்தார். பொய் சொல்ல நல்ல இடம். "தெரியலம்மா" என்றார்.

அவள் தலையை ஆட்டிவிட்டு வரிசையில் போய் நின்றாள். முன்னால் நின்றவர் இவர்களைப் பார்த்தார். அவள் தாள்களைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டாள்.

அலுவலக முற்றத்தில் காத்திருப்பவர்களுக்காக ஒரு கூடாரம் போட்டிருந்தார்கள். கம்பெனிச் சரக்கு. நாலு காலுக்கும் நாலு மணல்மூட்டை, ஒரு முளை கிடையாது. பந்தல்காரர் அதன் அருகே போய் நின்றார். தெருமுனையிலிருந்து ஒரு காற்று கிளம்பி, குப்பையைச் சுருட்டிக்கொண்டு உள்ளே வந்தது. காத்திருந்தவர்கள் காகிதங்களை மார்போடு அணைத்துக்கொண்டார்கள். துணி உப்பியது. அவர் கூடாரத்தின் காலையே பார்த்தார். இப்போது எழும்பும், இப்போது எழும்பும் என்று பார்த்தார். எழும்பினால் உள்ளே ஓடிப்போய் அவளிடம் காட்டலாம். மூட்டையைச் செருப்பு முனையால் ஒரு தள்ளுத் தள்ளிக்கூடப் பார்த்தார். அது அசையவில்லை. காற்று வந்த வழியே போயிற்று. கூடாரம் போட்டது போட்டபடி நின்றது.

"இதெல்லாம் ஒரு காத்தா" என்று யாரிடமும் இல்லாமல் சொல்லிவிட்டு, வரிசைப் பக்கம் திரும்பிப் பார்க்காமல் அவர் வாசலைத் தாண்டி நடந்தார்.