மூன்று பேருக்கு ஒரு போர்ட்

எங்கள் வீட்டில் ஒரு ரேடியோ, ஒரு கம்ப்யூட்டர், இரண்டையும் இணைக்க ஒரே ஒரு கேபிள். அந்தக் கேபிளைச் செருகும் போர்ட்டுக்காக அப்பாவும் தம்பியும் போட்ட குடுமிப்பிடிச் சண்டையைச் சொத்துக்காகக்கூட யாரும் போட்டிருக்க மாட்டார்கள்.

தொண்டையில் ஆபரேஷன் ஆன பிறகு அப்பாவுக்குக் குரல் கிடையாது. எங்களோடு பேச ஒரு வெள்ளைப் பலகையும் பேனாவும். வெளியுலகத்தோடு பேச அமெச்சூர் ரேடியோ. முன்பு மைக்கில் ஊரைக் கூட்டியவர், இப்போது கீபோர்டை இரண்டு விரலால் கொத்துவார். கம்ப்யூட்டர் அதைப் புள்ளியும் கோடுமான மோர்ஸ் ஒலியாக்கி ரேடியோவுக்குக் கொடுக்கும். தமிழையே ஆங்கில எழுத்தில் தட்டிப் பேசுவார். அவரை யாரும் பாவம் என்று பார்க்காத ஒரே இடம் அதுதான். தான் அனுப்பும் ஒலி தன் காதில் விழாதபடி மட்டும் அதை அடக்கி வைத்திருப்பார். ஏன் என்று கேட்டேன். "அது என் குரலா? கேட்டு என்ன ஆகப்போகுது" என்று எழுதினார்.

தம்பிக்கும் அதே ரேடியோதான் வேண்டும். பேசியவர்களைக் குறித்து வைக்க ஒரு புரோகிராம், யார் எந்த அலைவரிசையில் இருக்கிறார்கள் என்று வரைபடத்தில் காட்ட இன்னொன்று. போர்ட்டை முதலில் பிடித்த புரோகிராம் மற்றதை அண்டவிடாது. தம்பித் துரைக்கோ எதையும் திறக்கத்தான் தெரியும், மூடத் தெரியாது. பிரிட்ஜ் கதவிலிருந்தே அப்படித்தான். அப்பா காலையில் வந்து உட்காருவார், 'போர்ட் உபயோகத்தில் உள்ளது' என்று திரை சொல்லும், மேஜையில் ஓர் அடி விழும். நான் எழுந்து போய்ப் பஞ்சாயத்துப் பண்ண வேண்டும்.

கடைசியில் தம்பி போர்ட்டைப் பங்குபோடும் புரோகிராம் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தான். நிஜப் போர்ட் ஒன்றுதான். அது மூன்று பொய்ப் போர்ட்டுகளைக் காட்டி, மூன்று புரோகிராம்களிடமும் 'உனக்கு மட்டும்தான்' என்று சொல்லிச் சமாளிக்கும். இரண்டு மருமகள்களை ஒரே அடுப்படியில் விட்டுச் சமாளிக்கும் மாமியாரின் சாமர்த்தியம். வீட்டில் சத்தம் அடங்கியது. நான்கூட அவனை மெச்சினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கொஞ்ச நாளில் கப்பல்காரர் எனக்குப் போன் செய்தார். கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர், காலைதோறும் அப்பாவோடு பேசுபவர்.

"அப்பாவுக்கு உடம்பு சரியாத்தான் இருக்காம்மா? எழுத்தெல்லாம் முழுங்குறார். ஒண்ணோட ஒண்ணு ஒட்டுது. பாதி எனக்குப் புரியவே இல்ல."

"தட்டுறப்ப தப்பு வந்திருக்கும் மாமா."

"அவர் தட்டி நான் எத்தனை நாளாக் கேக்குறேன்? என் வீட்டுக்காரி தவறிப்போனப்ப விடாம ரேடியோவுல வந்து உட்கார்ந்தவர்மா. அந்த வருஷம் முழுக்க அவர் இல்லன்னா நான் இல்ல. அதான் மனசு கேக்கல."

அன்றே டாக்டரிடம் ஓடினேன். தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாம் என்று தேதி கொடுத்தார். அப்பாவின் ஸ்கூட்டர் சாவியை ஒளித்து வைத்தேன். அதற்குள் செய்தி பரவி, ரேடியோ நண்பர்கள் எல்லோரும் அப்பாவிடம் ரொம்ப மெதுவாக அனுப்ப ஆரம்பித்திருந்தார்கள்.

"ஏன் எல்லாரும் குழந்தைக்குச் சோறு ஊட்டுற மாதிரி பேசுறாங்க?" என்று அப்பா எழுதிக் காட்டினார். "என் சாவி எங்கே?"

நான் கத்திவிட்டேன். "நீங்க எழுத்து எழுத்தா விடுறீங்கப்பா! ஊரே சொல்லுது!"

அவர் 'இல்லை' என்று எழுதினார். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். உள்ளங்கையால் அழித்தார். மறுநாள் ஹெட்போன் ஆணியிலேயே தொங்கியது. அதற்கடுத்த நாளும். குரல் போனபோதுகூட அவர் அப்படிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்ததில்லை. ரேடியோவும் போனால் இந்த மனிதரிடம் என்ன மிஞ்சும் என்று நினைத்து எனக்கு அழுகை வந்தது.

தம்பிதான் நம்ப மறுத்தான். அப்பாவைக் கெஞ்சிக் கூத்தாடி உட்காரவைத்து, ஏதாவது தட்டச் சொன்னான். சின்ன ரிசீவர் ஒன்றைக் காதில் வைத்துக்கொண்டு பால்கனியில் நின்றான். திடீரென்று உள்ளே ஓடிவந்து திரையைப் பார்த்தான். நெற்றியில் அறைந்துகொண்டான்.

"அக்கா, அவர் தட்டுறது சுத்தமா இருக்கு. வெளியே போறதுதான் கந்தல்!"

வரைபடப் புரோகிராம் ரேடியோவிடம் "எந்த அலைவரிசை, எந்த அலைவரிசை" என்று ஓயாமல் நச்சரித்துக்கொண்டிருந்தது. அப்பாவின் மோர்ஸும் அதே வழியில்தான் போக வேண்டும். நச்சரிப்பு வரும்போதெல்லாம் அவருடைய புள்ளி ஒன்று நடுவில் மாட்டி நீண்டு கோடாகும், இல்லையென்றால் அடுத்ததோடு ஒட்டிக்கொள்ளும். அவருக்குத் தன் ஒலி கேட்காது. கேட்பவர்களுக்குக் கிழவர் தடுமாறுவதாகத்தான் படும்.

"நீ பங்கு போட்ட லட்சணத்துல அப்பாவைப் பைத்தியக்காரர் ஆக்கிட்டியேடா!" என்று அவன் முதுகில் ஒன்று வைத்தேன். அடித்த கையோடு சிரித்தேன், அழுதேன். சாவியை அப்பா கையில் கொடுத்தேன். ஸ்கேன் சென்டருக்குப் போன் போட்டு, "வேண்டாங்க, எங்கப்பாவுக்கு ஒண்ணுமில்ல" என்றேன். எவ்வளவு ருசியாக இருந்தது அந்த வாக்கியம்.

மறுநாள் காலை போர்ட் அப்பாவுக்கு மட்டும். பங்குபோடும் புரோகிராமைத் தம்பி தூக்கி எறிந்திருந்தான். அப்பா சவரம் செய்துகொண்டு வந்து உட்கார்ந்தார். நானும் தம்பியும் நாற்காலிக்குப் பின்னால் நின்றோம். அவர் அனுப்புவதும் கப்பல்காரர் அனுப்புவதும் திரையில் எழுத்தாக ஓடின.

"பிரமாதம். பழைய ஆளா வந்துட்டீங்க" என்றார் கப்பல்காரர்.

அப்பாவின் தோள் நிமிர்ந்தது. இரண்டு விரலும் துள்ளித் துள்ளித் தட்டின. நடந்ததை எல்லாம் சொன்னார். தம்பியைக் கிண்டல் செய்தார். பிறகு, "வீட்டம்மாவை ரொம்பக் கேட்டதாச் சொல்லுங்க. முழங்கால் வலி குறைஞ்சுதா?" என்று தட்டினார்.

தம்பி என் கையைப் பிடித்தான். நான் திரையை மறுபடி படித்தேன். சுத்தமாக இருந்தது. இத்தனை நாளும் கந்தலாகப் போனவற்றில் இந்தக் கேள்வி எத்தனை முறை இருந்ததோ.

ரேடியோவில் வெறும் இரைச்சல். அந்தப் பக்கம் அவர் எழுந்து போய்விட்டாரோ என்று நினைத்தேன். பிறகு எழுத்துகள் வந்தன, வழக்கத்தைவிட மெதுவாக.

"குறைஞ்சிருக்கு. இப்ப நல்லா நடக்குறா. உங்களைக் கேட்டதாச் சொன்னா."

அப்பா திரும்பினார். முகமெல்லாம் சிரிப்பு. பலகையை எடுத்து எழுதி எங்கள் பக்கம் நீட்டினார்: "பார்த்தியா? ஒரு எழுத்துகூட விடலை."

"ஆமாப்பா, ஒண்ணுகூட விடலை" என்றேன். போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய், ஸ்கேனுக்கு அதே தேதியைத் திரும்பத் தர முடியுமா என்று கேட்டேன்.