கிருத்திகாவின் எடைக்கு எண்பது தேங்காய்

நவீன்குமாருக்கு லைசன்ஸ் கிடைத்த விஷயம் கொழிஞ்சாம்பாறையில் இரண்டே பேருக்குத்தான் தெரியாது; அவர்களும் அன்று ஊரில் இல்லை. டெஸ்டில் கால் ஊன்றாமல் எட்டுப் போட்டவன். தேங்காய்க் களத்தில் ஒரு மாதம் சுற்றிச் சுற்றி எட்டு அத்துப்படி. நேராக ஓட்டுவதுதான் பழக்கமில்லை. முன் பிரேக்கைத் தொட்டால் வண்டி தூக்கியடிக்கும் என்று டிரைவிங் ஸ்கூல் ஆசான் சொல்லிவிட்டதால், அதைக் கர்ப்பகிருகம் போலத் தொடாமலே வைத்திருந்தான்.

ஞாயிறன்று பொள்ளாச்சியில் கல்யாணம். பஸ்ஸுக்கு நிற்கும் சொந்தபந்தங்களின் கண்முன்னே மனைவி கிருத்திகாவைப் புது வண்டியில் வைத்து ஓட்டிப் போக வேண்டும். அவனுக்கு இப்போதைக்கு வேறு லட்சியம் இல்லை. அவள் தன் அப்பாவிடம் அனுமதி கேட்கச் சொன்னாள்.

மாமனார் அப்புசாமி தேங்காய் வியாபாரி. காதோரம் ஆட்டிப் பார்க்காமல் எந்தக் காய்க்கும் விலை பேசாதவர். மருமகனை அப்படி ஆட்ட முடியாது. அதனால் மகளின் எடைக்கு எண்பது உரித்த காய்களைச் சாக்கில் போட்டு வாயைக் கட்டிப் பின் சீட்டில் ஏற்றினார்.

"வாய்க்கால் பாலம் வரைக்கும் போய்ட்டு வாங்க மாப்பிள்ளை. சாக்கு சேதாரமில்லாம வந்தாப் புள்ளையக் கூட்டிட்டுப் போங்க."

வழியில் அபராதம் போடும் கேமரா உண்டு. பின்னால் இருப்பவருக்கும் ஹெல்மெட் வேண்டும். கேமராவுக்குச் சாக்கென்ன, சம்சாரமென்ன என்று நவீன்குமார் கிருத்திகாவின் ஹெல்மெட்டைச் சாக்குக்கு மாட்டி வாரை இறுக்கினான். தன்னுடையதைச் சும்மா கவிழ்த்துக்கொண்டான். வாரைப் பூட்டினால் தாடி அழுந்துமாம்.

பாலத்துக்கு முன் நேர் ரோட்டில் எருமை ஒன்று நிதானமாகக் குறுக்கே வந்தது. பின் பிரேக்கை மட்டும் ஏறி மிதித்தான். சக்கரம் பூட்டிக்கொண்டு இழுத்தது. வண்டி ஒரு பக்கம், சாக்கு ஒரு பக்கம். அவன் ஹெல்மெட் தனியாக உருண்டு போனது. வெறுந்தலை ரோட்டோர வைக்கோல் கட்டின் மேல் போய் விழுந்தது. ஒரு முழம் தள்ளி மைல்கல். சாக்கின் ஹெல்மெட் மட்டும் இம்மி நகரவில்லை.

வீடு வந்ததும் பேரம் தொடங்கினான்.

"எண்பதுல பன்னெண்டுதானுங்க மாமா உடஞ்சுது."

அப்புசாமி வாய் திறப்பதற்குள் கிருத்திகா கேட்டாள்: "ஏனுங்க, அந்தப் பன்னெண்டுல நானு எதுங்க?"

ஞாயிறன்று இருவரும் பஸ்ஸில் போனார்கள். முழங்கைக் கட்டைப் பற்றிக் கேட்டவர்களுக்கெல்லாம் அவன் எருமையின் குற்றத்தை விளக்கினான். கடைசியில் கிருத்திகா குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"வாரப் பூட்டி, ரெண்டு பிரேக்கும் சேத்துப் புடிச்சு ஒரு மாசம் பழகுங்க. அப்பறம் பால் சொசைட்டி வரைக்கும் வர்றனுங்க."

இரண்டு வாரத்துக்குப் பேரத்தை முடிக்கலாமா என்று கேட்டான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.