மூக்கைத் தூக்கிய பாலம்

"கம்சு! இந்தப் பாலத்துக்குக் கிரேனே வேணாம்! ஒரு துண்ட ஆறு பேரு சேந்தா தூக்கிரலாம்!"

ஆற்றுக்கு அந்தப் பக்கம், ராணுவ லாரியில் வந்திறங்கிய இரும்புத் துண்டுகளைக் காட்டிச் சுஜன் கத்தினான். இந்தப் பக்கம் பீலியில் விழும் தண்ணீரில் துணி அலசிக்கொண்டிருந்த கம்சலா நிமிரவில்லை. அவள் நிமிராவிட்டால் என்ன, வரிசை வீடுகள் கொண்ட லயமே நிமிர்ந்தது. புயல் மழை பாலத்தைக் கொண்டுபோனதிலிருந்து ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தின் அந்த மேற்பிரிவில் வேலையும் இல்லை, மின்சாரமும் இல்லை, போனுக்குச் சிக்னலும் இல்லை. சுற்றுப்பாதையை மண்சரிவு மூடிவிட்டது. அக்கரையிலிருந்து கயிறு வழியாக அரிசியும் பருப்பும் வந்தன. கூடவே சுஜனின் குரலும் வந்தது.

"ஆறு பேரா?" என்று அடுத்த காம்பராவில் குடியிருக்கும் அழகையா திருப்பிக் கத்தினார். "நாங்க குடிக்கிற கஞ்சிக்குப் பதினாறு பேரு வேணும் மாப்புள!"

லயம் சிரித்தது. கம்சலா துணியை முறுக்கிப் பிழிந்தாள்.

சுஜன் பதுளையில் மின்விசிறியும் ரைஸ் குக்கரும் திருத்துகிறவன். எதையும் கழற்றிப் பார்த்தால்தான் அவனுக்குத் தூக்கம் வரும். கழற்ற முடியாத பெரிய சாமான்களைப் பற்றி போனில் வீடியோ பார்ப்பான். அப்படித்தான் ராணுவக் கதைகள் அவன் தலைக்குள் ஏறின. இலங்கை ராணுவம் நாற்பத்தொன்பதாம் ஆண்டில்தான் உருவானது, ஒரு படைப்பிரிவின் அணிவகுப்பில் யானை முன்னால் நடக்கும் என்றெல்லாம் சோற்றில் கை வைத்தபடியே சொல்வான். கல்யாணமான புதிதில் அவளுக்கு அது பிடித்திருந்தது. அவன் சொல்லி முடிக்கும்வரை கறிச்சட்டியை இறக்காமல் நின்று, இரண்டு தடவை கருகவும் விட்டிருக்கிறாள்.

ஐப்பசியில் வயிற்றிலிருந்த மூன்று மாதப் பிள்ளை தங்காமல் போனது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்த சுஜன் சேலைன் போத்தலைக் காட்டி, அதை ஏன் உயரத்தில் தொங்கவிடுகிறார்கள் என்று விளக்க ஆரம்பித்தான். "வாய மூடுங்க," என்றாள். மூடினான். கொஞ்ச நேரம் கழித்து, "இந்தச் சக்கரத்த உருட்டுனா சொட்டு கொறையும்," என்றான். துண்டு வெட்டி ஆஸ்பத்திரியிலிருந்து விட்டதும் அவள் வீட்டுக்குப் போகவில்லை. பஸ் ஏறி அம்மா பூவம்மாவிடம் வந்துவிட்டாள். அவன் கூப்பிட வந்தபோது கதவைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகுதான் மழை.

இப்போது பாலம் போட ராணுவம் வந்திருந்தது. கயிற்றைப் பிடித்து ஆற்றைக் கடந்து நாலைந்து சிப்பாய்கள் இந்தக் கரைக்கும் வந்தார்கள். அவர்களைக் கண்டதும் பூவம்மாவின் கை தானாகவே சட்டைக்குள் போய் அடையாள அட்டையைத் தடவியது. சண்டைக் காலத்தில் ராணுவம் பதுளை பஸ்ஸை நிறுத்தி நிறுத்திச் சோதித்ததில் வந்த பழக்கம். அவர்களில் ஒருவன், கோப்ரல் றில்வான், "பயப்படாதீங்கம்மா, கொஞ்சம் சுடுதண்ணி மட்டும் தாங்க," என்று தமிழில் கேட்டதும் கை வெளியே வந்தது.

சுஜனின் குரல் ஓயவில்லை. "அத்த! அந்தக் காலத்துல தேயிலத்தோட்டத்து வெள்ளக்காரத் தொரமாருக்குன்னே தனிப் பட்டாளம் இருந்திச்சு! மொத உலக யுத்தத்துல துருக்கி வரைக்கும் போயிருக்காங்க!"

"அங்கயும் போயி பெரட்டுக் கூப்பிட்டானுங்களா?" என்று அழகையா கேட்டார். காலையில் ஆட்களை வேலைக்கு வரிசையாக நிறுத்தும் பெரட்டுக் களத்தில் பாதி ஆயுளைக் கழித்தவர் அவர். சிரிக்காமல்தான் கேட்டார்.

பாலத்தைத் தள்ளும் நாள் வந்தது. பூவம்மா கொடுத்த தேத்தண்ணியை றில்வானிடம் கம்சலா கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"அவரு உங்கட மாப்பிளதானே?" என்று அவன் அக்கரையைக் காட்டினான்.

அவள் கோப்பைக்காகக் கையை நீட்டினாள்.

"எங்களுக்கே தெரியாத ஆர்மிக் கதையெல்லாம் சொல்றாரு. நாங்க வந்ததுலேர்ந்து ஊட்டுக்கே போகல்ல. ட்ரக்குக்குக் கீழதான் படுக்கிறாரு. ஏன்னு கேட்டா, சத்தம் கேக்குற தூரத்துல இரிக்கணுமாம்."

கம்சலா காலிக் கோப்பையை வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றாள். அவளிடமிருந்து ஒரு சத்தமும் அவனுக்குப் போகவில்லை. பிறகு எதைக் கேட்க அங்கே படுத்திருந்தான்?

அக்கரையில் அதிகாரி கையைத் தூக்கினார். தள்ளும்போது யாரும் பேசக் கூடாது, விசில் மட்டும்தான் கேட்க வேண்டும் என்று றில்வான் லயத்துக்காரர்களிடம் சொன்னான். உருளைகள்மேல் கிடந்த நீண்ட இரும்புக் கூட்டின் இரண்டு பக்கமும் சிப்பாய்கள் தோள் கொடுத்தார்கள். பின்னால், வால் பக்கத்தில், உதவிக்கு வந்த ஆட்களோடு சுஜனும் நின்றான். வாய் மூடியிருந்தது. விசில் ஊதியது. இரும்பு நகர்ந்தது.

பாலத்தின் நுனி கரையைத் தாண்டி வெறும் காற்றுக்குள் வந்தபோது பூவம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, பிடிமானமே இல்லியே. விழுந்துருமேடி."

"விழாதும்மா," என்று கம்சலா மெதுவாகச் சொன்னாள். "வாலுப் பக்கம் கனம் கூட. முன்னுக்கு வாறது வெறும் கூடு, அதுல பலக கெடையாது. கனம் அந்தக் கரையில இருக்குற வரைக்கும் இது கவுறாது."

"அப்ப மூக்கு ஏன் மேல பாத்துக்கிட்டு இருக்கு? கோணலாப் பூட்டிட்டாங்களா?"

"கோணல் இல்லம்மா. இவ்வளவு தூரம் நீண்டா, தன் பாரத்துலயே அது தொங்கிப்போகும். தொங்கும்னு தெரிஞ்சுதான் மொதல்லயே தூக்கிப் பூட்டுறாங்க. இங்க வந்து சேரும்போது சரியா இருக்கும்."

அழகையா அவளைத் திரும்பிப் பார்த்தார். "அட! இக்கரையிலயும் ஒரு சுஜனா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

கம்சலாவுக்கு முகம் சூடேறியது. நிமிராமல் துணி அலசிய நாளெல்லாம் அவன் கத்திய ஒவ்வொன்றும் அவளுக்குள் போய் உட்கார்ந்திருந்தது. அக்கரையைப் பார்த்தாள். இவ்வளவு நேரம் அவன் பேசாமல் இருந்து அவள் பார்த்ததே இல்லை. பேச்சு இல்லாத அந்த முகம் வேறாக இருந்தது. பயந்த முகம். ஆஸ்பத்திரியில் அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அன்று அவன் முகத்தை அவள் பார்க்கவே இல்லை.

விசில் ஊத ஊத மூக்கு அங்குலம் அங்குலமாக வந்தது. நடு ஆற்றைத் தாண்டியதும் கண்ணுக்குத் தெரியும்படியே தாழ்ந்தது. இக்கரை உருளைகளுக்குமேல் ஒரு சாண் உயரத்தில் ஆடி நின்று, பிறகு மெல்ல இறங்கி உட்கார்ந்தது. லயம் கத்தவில்லை. கத்தலாமா என்று யாருக்கும் தெரியவில்லை.

கம்சலா கோப்பையைக் கல்லில் வைத்துவிட்டு ஈரமண்ணில் வழுக்கி இறங்கினாள். றில்வான் கையை நீட்டித் தடுத்தான். "கொஞ்சம் பொறுங்க தங்கச்சி." இன்னும் சில முழம் நகர்ந்தது. நீண்ட விசில் ஒன்று கேட்டது. "இனிப் பரவாயில்ல," என்று அவன் விலகினான்.

அவள் இரும்பில் உள்ளங்கையை வைத்தாள். தூறலில் நனைந்து சில்லென்றிருந்தது. அக்கரையில் சிப்பாய்கள் தோளை எடுத்து, முதுகை நிமிர்த்தி, ஒருவரை ஒருவர் தட்டிக்கொடுத்தார்கள். தள்ளிய ஆட்களும் கையை உதறிக்கொண்டு விலகினார்கள். சுஜன் மட்டும் அதே இரும்பின் மறுமுனையிலிருந்து கையை எடுக்கவில்லை. இருவருக்கும் நடுவில் பலகை போடாத கூடும், அதன் அடியில் ஓடும் செம்மண் தண்ணீரும் இருந்தன.